நான் அறியாத என் உறக்கம்



இந்த வாரத் தியானத்தை ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். நேற்று இரவு நீங்கள் எப்படி உறங்கினீர்கள்? படுத்த நேரம் உங்களுக்குத் தெரியும். எழுந்த நேரமும் தெரியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆறேழு மணி நேரத்தில் உங்கள் சரீரத்துக்கு என்ன நேர்ந்தது என்று உங்களால் சொல்ல முடியுமா? கண்ணயராமல் நம்மைக் காக்கிற தேவன் அதை அறிவார். பூமியில் அதை அறிந்தவர் ஒருவர் உண்டென்றால், அவர் உங்கள் பக்கத்தில் படுத்திருப்பவர். இந்த எளிய உண்மையை ஒத்துக்கொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்தால் வழியோரத்தில் நின்ற ஒரு மனிதரின் உயிர் போயிருக்கும். அதை உங்களிடம் மறைக்காமல் எழுத வேண்டும் என்று ஜெபத்தில் உணர்த்தப்பட்டதால் எழுதுகிறேன்.

கடந்த சில ஆண்டுகளாக நான் சோர்ந்து காணப்பட்டதை உங்களில் பலர் கவனித்திருப்பீர்கள். காலையில் எழும்போதே தலைவலி. வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவேன். வேதத்தைத் திறந்து வைத்தால் இரண்டாம் வசனத்தில் கண் சொருகும். ஞானஸ்நானத்துக்கு வந்த பிள்ளையின் பெயரைப் பீடத்தருகே மறந்து நின்றதும் உண்டு. சிறிய காரியங்களுக்கெல்லாம் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒரு நாள் முழங்காலில் இருந்தபடியே உறங்கிவிட்டேன். விழித்தபோது ஜெபம் முடிந்து எல்லாரும் அமைதியாகக் காத்திருந்தார்கள். மூப்பர் ஒருவர் என் அருகில் வந்து, "ஐயா இன்னைக்கு ரொம்ப ஆழமா ஜெபத்துல இருந்தீங்க" என்று மெல்லிய குரலில் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தேன். பிரியமானவர்களே, அந்தத் தலையசைப்புக்காக இன்று உங்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

என் சோர்வை நான் ஆவிக்குரிய குறைவென்றே எண்ணினேன். கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் வியாகுலப்பட்டு ஜெபித்தபோது உறங்கிப்போன சீஷர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். ஆகவே இன்னும் முன்னதாக, அதிகாலை நான்கு மணிக்கு எழத் தொடங்கினேன். உபவாச நாட்களைக் கூட்டினேன். காபியையும் கூட்டினேன். ஒன்றும் உதவவில்லை. மனச்சாட்சியின் குற்ற உணர்வு மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்தது.

என் மனைவியோ வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஏங்க, ராத்திரியில உங்களுக்கு மூச்சு நின்னு போகுதுங்க. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தண்ணியில மூழ்கினவர் மாதிரி திணறி இழுக்கிறீங்க" என்பாள். நான் சிரிப்பேன். "குறட்டை விடாத ஆம்பிளை எங்கே இருக்கான்?" என்பேன். அவள் மறுபடியும் சொன்னால் எரிந்து விழுவேன். என் உறக்கத்தைப் பற்றி என்னைவிட அவளுக்கு எப்படித் தெரியும் என்பது என் வாதம். எவ்வளவு மதியீனமான வாதம் என்று இப்போது புரிகிறது. அந்த வீட்டில் என் உறக்கத்தைப் பார்த்திருக்க முடியாத ஒரே ஆள் நான்தானே!

ஒரு சித்திரை மாதப் பிற்பகலில், சிதம்பரத்தில் ஒரு திருமணத்தை ஆசீர்வதித்துவிட்டுக் கடலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரை நான் ஓட்டினேன், அவள் என் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பின் புதுச்சத்திரம் வரையிலான சாலை என் நினைவில் இல்லை. அவளுடைய அலறல்தான் என்னை எழுப்பியது. இடப்புறச் சக்கரங்கள் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கியிருந்தன. வண்டி நின்ற இடத்துக்கு ஒரு முழம் முன்னால், சைக்கிளில் நுங்குக் குலைகளைச் சாய்த்து வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு முதியவர் நின்றார். அவர் அசையவுமில்லை, ஏசவுமில்லை. தம்முடைய தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டி, "முகத்தைக் கழுவுங்க ஐயா, பேர புள்ளைங்க இருக்கும்ல" என்றார்.

அன்றிரவு என் மனைவி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "மூணு வருஷமா ராத்திரி நான் எண்ணிக்கிட்டு இருக்கேங்க. பதினஞ்சு, இருபது, முப்பதுன்னு எண்ணுவேன். நாப்பதைத் தாண்டினா தோளைப் பிடிச்சு உலுக்குவேன். அப்பதான் மூச்சு வரும்" என்றாள். ஒவ்வோர் இரவும் ஒருத்தி என் சுவாசத்துக்குக் காவலிருந்திருக்கிறாள். அவளுக்கு நான் கொடுத்த பதில் பரிகாசம்.

மறு வாரம் அவளே என்னைச் சிதம்பரத்துக்கு, நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம், இரயிலில் அழைத்துச் சென்றாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நிலையங்கள் கடந்தன. நான் அவள் தோளில் சாய்ந்து உறங்கியபடியே போனேன். மருத்துவர் என்னிடம், "தூக்கம் எப்படி?" என்று கேட்டார். "படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன், ஒரு குறையுமில்லை" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் மனைவியைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். மூன்று ஆண்டுகளில் அவளுடைய சாட்சியை முதன்முதலாக மதித்துக் கேட்டவர் அவர்தான். நான் தலை குனிந்திருந்தேன்.

ஒரு சிறு கருவியைக் கொடுத்து அனுப்பினார். மார்பில் ஒரு பட்டை, மூக்கருகே ஒரு மெல்லிய குழாய், விரலில் ஒரு கவ்வி ஆகியவற்றோடு ஓர் இரவு உறங்க வேண்டும். முடிவு வந்தது. உறக்கத்தில் மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 5 முறைக்கு உட்பட்டிருந்தால் அது இயல்பு. 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது. எனக்கு 38. இரத்தத்தில் 95 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய ஆக்சிஜன் அளவு, ஒரு கட்டத்தில் 76 வரை இறங்கியிருந்தது.

இதற்கு ஸ்லீப் ஆப்னியா, அதாவது உறக்க மூச்சுத்தடை, என்று பெயர். நாம் உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கும் உள்நாக்கைச் சுற்றிய மென்தசையும் பின்னால் சரிந்து காற்றுப்பாதையை அடைத்துவிடுகின்றன. மார்பு மூச்சுக்காகப் போராடும், ஆனால் காற்று உள்ளே போகாது. ஆக்சிஜன் குறைந்ததும் மூளை பதறி உடலை ஒரு கணம் எழுப்பும். திணறலோடு மூச்சு வரும், மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு. எழுந்தது நமக்கு நினைவிருக்காது. இரவெல்லாம் நூற்றுக்கணக்கான முறை எழுப்பப்பட்டவன் பகலில் எப்படி விழித்திருப்பான்? கவனியாமல் விட்டால் இரத்த அழுத்தமும், இருதய நோயும், பக்கவாதமும் வரும் வாய்ப்பு அதிகமாகிறது. பருமனானவர்களுக்கே இது அதிகம் என்றாலும், தாடை சிறுத்த ஒல்லியானவர்களுக்கும், மாதவிடாய் நின்ற தாய்மார்களுக்கும் வரக்கூடும்.

இதற்கான சிகிச்சை சிபேப் என்னும் இயந்திரம். 1980-க்கு முன் இந்நோய் முற்றியவர்களுக்குத் தொண்டையில் துளையிடுவதே வழியாயிருந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர், மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி அடைப்பைத் திறந்து வைக்க முடியும் என்று கண்டார். ஐந்து நோயாளிகளுக்கு அளித்த இச்சிகிச்சையைப் பற்றி 1981 ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் அவரும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள். இன்று உலகெங்கும் எண்ணற்றோர் தலைமாட்டில் இருக்கும் கருவி அதிலிருந்து வந்ததே. பலர் நினைப்பதுபோல் இது ஆக்சிஜன் சிலிண்டர் அன்று. அறையிலுள்ள காற்றையே எடுத்துச் சற்று அழுத்தி அனுப்புகிறது.

முதல் மாதத்துக்கு அதை வாடகைக்கு எடுத்து வந்தோம். முதல் இரவை நான் மறக்கமாட்டேன். முகத்தில் பட்டைகள், மூக்கில் கவசம், அதிலிருந்து யானைத் துதிக்கை போல ஒரு குழாய். விளக்கை அணைத்ததும் நெஞ்சு படபடத்தது. மூச்சை வெளியே விடப்போனால் காற்று எதிர்த்து வந்தது. வாயைத் திறந்தால் மூக்கில் நுழைந்த காற்று வாய் வழியாக வெளியேறியது. ஒரு மணிக்குக் கழற்றி எறிந்தேன். இரண்டாம் இரவும் அப்படியே. மூன்றாம் இரவு மூக்கு அடைத்து, வயிறு காற்றால் உப்பியது. நான்காம் நாள் இயந்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

தள்ளியதோடு நிற்காமல் அதற்கு ஒரு வசன ஆதாரமும் தேடினேன். "சுகமாக்குகிற கர்த்தர் இருக்கும்போது போதகனுக்கு இயந்திரம் எதற்கு? சபையார் என்ன நினைப்பார்கள்?" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. அன்றிரவு அவள் மீண்டும் எண்ணத் தொடங்கியிருப்பாள்.

அந்த வாரம் குடும்ப ஜெபத்தில் இரண்டாம் இராஜாக்களின் புத்தகம் ஐந்தாம் அதிகாரம் வந்தது. சீரியாவின் படைத்தலைவனான நாகமானின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். எலிசா வெளியே வந்து கையசைத்து அற்புதம் செய்வான் என்று அவன் எதிர்பார்த்தான். யோர்தானில் ஏழுதரம் முழுகச் சொன்னபோது கோபத்தோடு திரும்பிப்போனான். எங்கள் ஊர் ஆறுகள் இதைவிட நல்லவை அல்லவா என்பது அவன் வாதம். நான் எத்தனையோ முறை பிரசங்கித்த பகுதி அது. ஆனால் அன்று ஒன்றைப் புதிதாகக் கண்டேன். நாகமானுக்கு வழி காட்டியவர்கள் யார்? முதலில் அவன் வீட்டில் வேலை செய்த ஒரு சிறு பெண். பிறகு, கோபித்துக்கொண்டு திரும்பியவனைத் தகப்பனே என்று அழைத்து, நயமாய்ப் பேசி நிறுத்திய அவனுடைய ஊழியக்காரர். அவனோடு வாழ்ந்து, அவன் குஷ்டத்தை அருகிலிருந்து பார்த்தவர்களின் சொல்லை அவன் கேட்டான். கேட்டபடியால் சுகமானான். வாசித்து முடித்தபோது என் மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஜெபம் முடிந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன்.

உங்களில் யாருக்காவது பயன்படும் என்பதால், எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். மருத்துவரிடம் திரும்பப் போய், முடியவில்லை என்று வெட்கப்படாமல் சொன்னேன். என் கவசம் ஒரு அளவு பெரியது என்று கண்டு மாற்றிக் கொடுத்தார். படுத்தவுடன் குறைந்த அழுத்தத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயரும்படி இயந்திரத்தை அமைத்தார். மூக்கு உலராதிருக்கக் காற்றை ஈரப்படுத்தும் நீர்த்தொட்டியைப் பொருத்தினார். நம் ஊர் உப்புத் தண்ணீர் அதில் படிந்துவிடுமாதலால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுகிறேன். எல்லாவற்றிலும் மேலான ஆலோசனை, மாலையில் விழித்திருக்கும்போதே கவசத்தை அணிந்து பழகுவது. தினமும் அரை மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்து பிரசங்கக் குறிப்பு எழுதினேன். பயம் மெல்ல விலகியது. இரண்டு மணி நேரம் நான்காயிற்று, நான்கு ஆறாயிற்று. காலையில் கவசத்தை மிதமான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துவது இப்போது பல் துலக்குவதைப் போன்ற பழக்கமாகிவிட்டது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கடலூரைச் சாய்த்துப்போட்டதையும், அதன்பின் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்ததையும் நாம் மறக்கவில்லை. ஆகையால் இன்வெர்ட்டரில் இந்த இயந்திரம் எவ்வளவு நேரம் ஓடும் என்று முன்னதாகவே சோதித்து வைத்திருக்கிறேன். மின்சாரம் அறவே இல்லாத இரவில் தலையை உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

ஆறாவது வாரத்தில் ஒரு காலை. ஐந்து மணி இருக்கும். தலைவலி இல்லாமல், யாரும் எழுப்பாமல் விழித்தேன். கவசத்தைக் கழற்றினேன். பக்கத்தில் என் மனைவி உறங்கிக்கொண்டிருந்தாள். அவள் உறங்குவதை நான் பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தன! எப்போதும் எனக்கு முன்னே விழித்திருப்பவள் என்றே அவளை நினைத்திருந்தேன். அவள் உறங்கவே இல்லை என்பதை எண்ணியதில்லை. வாயைச் சற்றே திறந்து, குழந்தையைப் போல, சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பாமல் எழுந்துபோய் நானே காபி போட்டேன். அன்றைய ஸ்தோத்திர ஜெபத்தில் எனக்கு வேறு வார்த்தை வரவில்லை, அவளுடைய பெயர் மட்டுமே வந்தது.

பிரியமானவர்களே, இது விசுவாசக் குறைவா என்று சிலர் கேட்கலாம். எசேக்கியா ராஜா மரிக்கும் தறுவாயில் ஜெபித்தான். கர்த்தர் அவன் ஆயுளைக் கூட்டினார். ஆனாலும் ஏசாயா தீர்க்கதரிசி அவனுடைய கட்டியின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார். பவுலுடன் பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். ஆதியிலே தேவன் மனுஷனை மண்ணினால் உருவாக்கி அவன் நாசியில் ஜீவசுவாசத்தை ஊதினார் என்று ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். என் தலைமாட்டிலுள்ள இயந்திரம் எனக்குப் பதிலாகச் சுவாசிப்பதில்லை, வழியைத் திறந்து வைக்கிறது, அவ்வளவே. அதன் வழியாய் வரும் சுவாசம் அவர் தந்தது.

2004 டிசம்பர் 26 என்றால் நமக்கு தேவனாம்பட்டினமும், ஆழிப்பேரலையும், நாம் அடக்கம் செய்த பிள்ளைகளும்தான் நினைவுக்கு வரும். அதே தேதியில், அமெரிக்காவில் ரெஜி வைட் என்பவர் தம் 43-வது வயதில் இறந்தார். புகழ்பெற்ற கால்பந்து வீரர், மலைபோன்ற சரீரம், அபிஷேகம் பெற்ற பாப்டிஸ்ட் போதகர். நுரையீரல் நோயோடு உறக்க மூச்சுத்தடையும் அவருடைய மரணத்துக்குக் காரணமாயிருந்திருக்கலாம் என்று பரிசோதித்தவர்கள் தெரிவித்தனர். நம் நாட்டிலும், 2022 பிப்ரவரியில் இந்தித் திரையிசையமைப்பாளர் பப்பி லாஹிரி மும்பையில் காலமானபோது, மருத்துவர்கள் இந்நோயின் பெயரைச் சொன்னார்கள். பலமுள்ளவர்களையும் பிரசங்கிக்கிறவர்களையும் இது விட்டுவைப்பதில்லை.

இன்னொரு அறிக்கையும் நான் செய்ய வேண்டும். நம் ஆராதனையில் மூன்றாம் வரிசையில் அடிக்கடி உறங்கிவிடும் ஒரு தம்பியை, ஐத்திகுவின் கதையைச் சொல்லிப் பீடத்திலிருந்தே நான் கேலி செய்திருக்கிறேன். நீங்களும் சிரித்தீர்கள். அவர் சிப்காட்டில் இரவுப் பணி முடித்து நேராகக் கோவிலுக்கு வருகிறவர் என்பது பிறகே தெரிந்தது. துரோவாவில் மேல்மாடி ஜன்னலிலிருந்து உறக்கத்தில் விழுந்த ஐத்திகுவைப் பவுல் கடிந்துகொள்ளவில்லை. பிரசங்கத்தை நிறுத்தி, இறங்கிப்போய், அவனை அணைத்துக்கொண்டார். கடந்த ஞாயிறு அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கூச்சத்தோடு, "பரவாயில்லை ஐயா, இங்கதான் நிம்மதியா தூக்கம் வருது" என்றார்.

இப்போதும் எல்லா இரவும் எனக்கு வெற்றியல்ல. சளி பிடித்தால் கவசம் தொந்தரவு செய்கிறது. சில இரவுகளில் அறியாமலே கழற்றிப் போட்டுவிடுகிறேன். மறுநாள் மறுபடியும் மாட்டுகிறேன். நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவதை, மருத்துவர் அனுமதிக்கும் வரை, நிறுத்தியிருந்தேன். மீண்டும் ஓட்டிய முதல் நாளில் புதுச்சத்திரத்தில் நிறுத்தி அந்த நுங்கு வியாபாரியைத் தேடினேன். பருவம் முடிந்திருந்ததால் அவரைக் காணவில்லை. அடுத்த சித்திரையில் மறுபடியும் தேடுவேன்.

ஆகவே இந்த வாரம் உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். இன்றிரவு உங்கள் மனைவியிடமோ, கணவரிடமோ, பிள்ளைகளிடமோ, "நான் உறங்கும்போது எப்படி மூச்சு விடுகிறேன்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைக் கேலி செய்யாமல் கேளுங்கள். மூச்சு நிற்கிறது என்று சொன்னால் மருத்துவரிடம் போங்கள், உடன் அவர்களையும் அழைத்துப் போங்கள். சகோதரிகளே, நீங்கள் ஏற்கெனவே சொல்லி, அவர் கேளாமல் போயிருந்தால், இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுங்கள். ஐயரும் இப்படித்தான் கேளாமல் இருந்தாராம் என்று சொல்லுங்கள். தனியே வாழ்கிறவர்கள் காலைத் தலைவலியையும் பகல் உறக்கத்தையும் அலட்சியம் செய்யாதிருங்கள். இயந்திரம் வாங்க வசதியில்லாதவர்கள் என்னிடம் வந்து பேசுங்கள், சபையாக நாம் யோசிப்போம்.

ஜெபம் செய்வோம். எங்கள் நாசியில் சுவாசத்தைத் தந்த தேவனே, நாங்கள் அறியாத எங்கள் குறைகளை அறிந்திருக்கிறீர். அவற்றை எங்களுக்குச் சொல்லும்படி எங்கள் வீடுகளில் நீர் வைத்திருக்கிறவர்களுக்காக ஸ்தோத்திரம். அவர்கள் சொல்லைக் கேட்கத் தாழ்மையைத் தாரும். எங்களுக்காக இரவெல்லாம் விழித்திருந்தவர்களுக்கு இன்றிரவு நல்ல உறக்கத்தைக் கட்டளையிடும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.